பழனியப்பன் கேஸ் ஏற்றினார்

"இன்னும் கொஞ்சம் ஊத்து லெச்சுமி. டின்னு சூடானாத்தான் கேஸு உள்ள போவும்."

ஜெயலெட்சுமி தான் குடிப்பதற்காக வைத்திருந்த பிளாஸ்க் வெந்நீரை வாளியில் ஊற்றினாள். வாளிக்குள் ஏர்கோன் கேஸ் டின் ஒன்று மிதந்தது. அதன் தலையிலிருந்து கிளம்பிய நீல டியூப், பானெட் திறந்து கிடந்த காரின் வயிற்றுக்குள் போய் முடிந்தது. டியூப்பின் நடுவே இருந்த மீட்டரில் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டபடி அசையாமல் நின்றது.

பழனியப்பன் காருக்குள் எட்டி, காற்று வரும் ஓட்டையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அவர்கள் ஊரான ஆயர் ஈத்தாமின் பகல் வெயில் அப்படியே அதன் வழியாக வந்துகொண்டிருந்தது.

"சிவப்புல நின்னா கேஸு கூடிப்போச்சுன்னுதானே அர்த்தம்?" என்று கேட்டாள் ஹபீபா பீவி. அதே அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் குடியிருப்பவள். பள்ளிக்கூட வேன் ஓட்டிப் பிள்ளைகளை ஆளாக்கியவள்.

"கூடியிருந்தா குளிரணுமா வேணாமா? குளிரல. அப்ப கேஸு பத்தலன்னு அர்த்தம். மீட்டருதான் கெட்டுப்போச்சு."

"நேத்துத்தானேண்ணே புதுசா வாங்கினீங்க?"

"இப்பல்லாம் புதுசே கெட்டுப்போய்த்தான் வருது. என்னா சாமான் செய்றானுங்க!"

பீவி ஜெயலெட்சுமியைப் பார்த்தாள். ஜெயலெட்சுமி பிளாஸ்க் மூடியை மிகவும் கவனமாகத் திருகிக்கொண்டிருந்தாள்.

பழனியப்பன் கடலுக்கு அக்கரையில் பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "மெயிண்டனன்ஸ்ல இருந்தேன்" என்று சொல்லிக்கொள்வார். அது பொய்யில்லை. மெயிண்டனன்ஸ் பிரிவின் ஸ்டோரில் உட்கார்ந்து, கேட்டவனுக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்தார். திரும்பி வந்தால் வாங்கி வைத்தார். காலமெல்லாம் ஸ்பானர் பிடித்த கைக்கு ரிப்பேர் வேலை வராமலா போய்விடும் என்பது அவர் நம்பிக்கை. போதாக்குறைக்குக் கைப்பேசியில் வீடியோக்கள் வேறு. அதில் ஒரு வெள்ளைக்காரர் டின்னை மாட்டினார், பொத்தானை அழுத்தினார், சட்டைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான் வேலை.

"அப்பா, பேசாம கடையில விடுங்களேன்" என்று ஜொகூரிலிருந்து போனில் சொன்னாள் மகள் அதிரா.

ஜெயலெட்சுமிதான் குறுக்கே விழுந்தாள். "கடை எதுக்கு? உங்கப்பாவுக்குத் தெரியாததா? அவரே செய்யட்டும்."

பழனியப்பன் ஒரு நிமிடம் தன் காதையே நம்பவில்லை. அவர் ரிப்பேர் செய்த மிக்சி இன்னும் அலமாரி மேல் கிடக்கிறது. அவர் சரிசெய்த குளியலறைக் குழாய் மூன்றாம் மாடிக்காரர்களையும் சேர்த்து நனைத்திருக்கிறது. கல்யாணமான நாளிலிருந்து ஜெயலெட்சுமி அவருடைய கைவேலையைப் பாராட்டியது இதுதான் முதல் தடவை. அந்த ஒரு வார்த்தைக்காகவே காரை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்ற அவர் தயாராகிவிட்டார்.

வெறும் பெருமைக்காக மட்டும் இல்லை. ஜெயலெட்சுமிக்குக் கேன்சர். வாரம் ஒரு தடவை கடல்மேல் போகும் பாலத்தைத் தாண்டி அக்கரையில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து ஏற்றிக்கொண்டு வர வேண்டும். கொஞ்ச நாளைக்கு முன் டாக்டர் பழனியப்பனைத் தனியாகத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டு, இனிமேல் குணமாக்குவதற்கில்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் இந்த மருந்து என்று சொல்லிவிட்டார். பழனியப்பன் அதை மனைவியிடம் சொல்லவில்லை. அதே டாக்டர் அதற்கு முந்தின வாரமே அவளிடமும் சொல்லியிருந்தார். அவளும் புருஷனிடம் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் ஏர்கோன் நின்றது. பாலத்தின் நடுவில், முன்னாலும் பின்னாலும் பிறைக்குப் போகும் லாரிகள் மறித்து நின்ற நெரிசலில். பக்கத்து இருக்கையில் ஜெயலெட்சுமியின் நெற்றியிலிருந்து வியர்வை வழிவதைப் பழனியப்பன் பார்த்துக்கொண்டே இருந்தார். அவளுடைய நோயை அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இதையாவது செய்ய வேண்டும். அவள் போவதற்குள் ஒரு தடவையாவது குளிரக் குளிர உட்கார வைத்துக் கூட்டிப்போக வேண்டும்.

அன்றைக்கு ஜன்னலை இறக்கிவிட்டதும் லாரிச் சத்தத்தில் ரேடியோ கேட்கவில்லை. அவள் சூட்டை மறக்கட்டுமே என்று பழனியப்பன் வாய்க்கு வந்ததைப் பேச ஆரம்பித்தார். அதுவரை அவர் அவளிடம் அதிகம் பேசாதது கோபத்தால் இல்லை. வீட்டில் பேச விஷயம் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவர். ஆனால் ஆரம்பித்த பிறகுதான் தொழிற்சாலையில் எவ்வளவு கதை மிச்சமிருக்கிறது என்று அவருக்கே தெரிந்தது. ஸ்டோருக்குள் உடும்பு புகுந்தபோது மேனேஜர் மேசைமேல் ஏறிய கதை ஒன்று. கேன்டீன் பெண்ணுக்கு ஸ்பானர் பெட்டியில் தினமும் பூ வைத்து அனுப்பிய ஃபோர்மேன் கதை ஒன்று. இது ஒரே பயணத்தில் முடிகிற கதை இல்லை.

"அந்தப் பூவுக்கு ஸ்டோர்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்தது நான்தான் லெச்சுமி" என்றார்.

ஜெயலெட்சுமி வியர்வையோடு வியர்வையாகச் சிரித்தாள்.

இப்போது வாளிக்குத் திரும்புவோம். வெந்நீர் ஆறிக்கொண்டிருந்தது. கேஸ் ஏறுவதாக இல்லை. மாட்டிய இடம் லூசாக இருக்கும் என்று நினைத்த பழனியப்பன் டியூப்பைப் பிடித்து ஒரு திருகு திருகினார். திருகியது எதிர்ப்பக்கம்.

'உஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். வாளியிலிருந்து டின் எம்பிக் குதித்து, வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு கார் நிறுத்தும் இடம் முழுக்கச் சுற்றி ஓடியது.

"ஐயோ, சமையல் கேஸ் தோங் வெடிக்கப் போவுது!" என்று மேலே ஒரு குரல் கத்தியது.

பிறகு நடந்தது எதுவும் பழனியப்பன் கையில் இல்லை. நாலு மாடியும் கீழே இறங்கிவிட்டது. ஒருவர் பாஸ்போர்ட்டோடு வந்தார். ஒருவர் குருவிக் கூண்டோடு வந்தார். ஒரு அம்மாள் பாதி வெந்த சோற்றுப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். யாரோ பொம்பாவுக்குப் போன் செய்துவிட்டார்கள். சங்கூதிக்கொண்டு வந்து இறங்கிய தீயணைப்பு அதிகாரி, காலி டின்னையும் வாளியையும் பழனியப்பனையும் மாறி மாறிப் பார்த்தார். "அடுத்த தடவை கடையில விட்டுடுங்க அங்கிள்" என்று மலாயில் சொல்லிவிட்டு, ஞாபகத்துக்கு ஒரு படமும் எடுத்துக்கொண்டு போனார்.

அத்தனை கேஸும் குளிர வைத்தது பழனியப்பனின் இரண்டு விரல்களைத்தான். பனிக்கட்டி கடித்த மாதிரி கொப்புளம் கிளம்பியிருந்தது. ஜெயலெட்சுமி மருந்து தடவித் துணி சுற்றினாள்.

"போதுங்க, விட்டுடுங்க. எனக்கு இந்தக் காத்தே போதும்."

"நீ சும்மா இரு."

"நெசமாத்தாங்க சொல்றேன். எனக்குப் புடிச்சிருக்கு."

எனக்காக விட்டுக்கொடுத்துப் பேசுகிறாள் என்று பழனியப்பன் நினைத்தார். அவர் கண்கள் கலங்கின. அடுத்த சாமானுக்கு அன்றைக்கே ஆர்டர் கொடுத்தார்.

வந்தது பச்சைச் சாயம். உள்ளே ஊற்றி, கூடவே வரும் நீல டார்ச்சை அடித்தால் கேஸ் கசியும் இடம் பளிச்சென்று பச்சையாகத் தெரியுமாம். கட்டுப்போட்ட விரல்களால் மூடியைத் திறந்தபோது பாட்டில் நழுவியது. சாயம் காருக்குள் போவதற்குப் பதிலாக வெளியிலெல்லாம் போனது. டார்ச்சை அடித்துப் பார்த்தார். கார் கசிந்தது. தூண் கசிந்தது. அவருடைய வேட்டி கசிந்தது. பீவி வளர்க்கும் பூனை வாலிலிருந்து மீசை வரை கசிந்தது.

"அண்ணே, பூனைக்கு எதுக்குண்ணே ஏர்கோன்?" என்றாள் பீவி.

"கிண்டல் பண்ணாத பீவி. அது குறுக்க வந்துச்சு."

"விட்டுடுங்களேண்ணே. அக்காதான் வேணாங்கிறாங்கல்ல."

"அவ அப்படித்தான் சொல்லுவா. அவளுக்கு எது வேணும்னு எனக்குத் தெரியாதா?"

பீவி வாயைத் திறந்தாள். பிறகு பூனையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த வாரம் ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்ற வந்த நர்ஸ் மிஸி, ஜெயலெட்சுமியின் சால்வையில் இருந்த பச்சைக் கறையைப் பார்த்துப் பயந்து, இது எப்போதிலிருந்து வருகிறது என்று கேட்டார். "எங்க வீட்டுக்காரருகிட்ட இருந்து வருது" என்று ஜெயலெட்சுமி சொல்ல, வார்டே சிரித்தது. திரும்பும் வழியில் பாலத்தில் மறுபடியும் நெரிசல். கட்டுப்போட்ட விரலோடு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் வாயில் அவள் ஆரஞ்சுச் சுளை உரித்து ஊட்டினாள். கடல் காற்று சூடாக வீசியது.

"அந்த ஃபோர்மேனு என்ன ஆனாரு?"

"பூ கொண்டுபோற ஆளு லீவு போட்டுட்டான். இவனே நேரா கேன்டீனுக்குப் போனான். போனவன் வாயில பேச்சே வரல. 'ஒரு தே ஓ'ன்னு பாலில்லாத தேத்தண்ணி மட்டும் கேட்டான்."

"அய்ய! அப்புறம்?"

"அப்புறம் தினமும் தே ஓ தான். ஒரு மாசத்துல அவனுக்கு அல்சரே வந்துருச்சு."

ஜெயலெட்சுமி சிரித்துச் சிரித்து இருமினாள். பழனியப்பனுக்கோ அந்த இருமலும் சூட்டினால்தான் என்று பட்டது. இதற்கு மேல் பொறுக்க முடியாது என்று வீட்டுக்கு வந்ததும் ஃபியூஸ் பெட்டியைத் திறந்தார்.

எல்லா ஃபியூசையும் பிடுங்கிச் செய்தித்தாளில் வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. திரும்பச் சொருகும்போது ஒன்று மட்டும் கை நழுவி உருண்டு, சாக்கடைக் கம்பி வழியாக உள்ளே போய்விட்டது. இத்தனையில் ஒன்று இல்லாவிட்டால் கார் என்ன கோபித்துக்கொள்ளவா போகிறது என்று பெட்டியை மூடினார்.

அந்த ஒன்று ஜன்னலுக்கு உரியது. அது மறு வாரம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியபோதுதான் தெரிந்தது. நாலு கண்ணாடியும் மூடியபடி நின்றன. பொத்தானை அழுத்தினால் எதுவும் அசையவில்லை. பீவியின் வேனும் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டிருந்தது.

"பரவால்ல, போலாம். நான் கதவைக் கொஞ்சம் திறந்து புடிச்சுக்கிறேன்" என்றாள் ஜெயலெட்சுமி.

பாலம் வரை அப்படித்தான் போனார்கள். நெரிசலில் கார் நிற்கும்போதெல்லாம் அவள் கதவைத் திறந்து விசிறுவாள். நகர்ந்ததும் மூடிக்கொள்வாள். மோட்டார்சைக்கிள்காரர்கள் திட்டிக்கொண்டே ஒதுங்கினார்கள். ஃபோர்மேன் ஒரு வழியாகத் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, தன்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று கேன்டீன் பெண்ணைக் கேட்ட இடத்துக்குக் கதை வந்திருந்தது.

"கேட்டானா? அந்தப் பொண்ணு கையில கரண்டிய வச்சுக்கிட்டு அவனையே பாக்குது. கேன்டீன்ல ஒரு சத்தம் இல்ல. அப்புறம் அது சொல்லுச்சு பாரு... லெச்சுமி? லெச்சுமி!"

அவள் தலை அவர் தோளில் சாய்ந்திருந்தது. கூப்பிட்டதற்குப் பதில் இல்லை.

எப்படிப் பாலத்தைத் தாண்டினார், எந்த விளக்கில் நின்றார் என்று பழனியப்பனுக்கு நினைவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் அவளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வழக்கமாகச் சிரித்துப் பேசும் மிஸி இன்று சிரிக்கவில்லை. "என்ன அங்கிள், நோயாளிய இப்படி அடைச்சா கூட்டிக்கிட்டு வருவாங்க?" என்று கேட்டார். பழனியப்பன் கழிவறைக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதார்.

ஜெயலெட்சுமி கண் விழித்துவிட்டாள். ஆனாலும் இரண்டு நாள் வார்டில் இருக்கட்டும் என்றார்கள். அந்த இடைவெளியில் பழனியப்பன் தன் மானம், மரியாதை, மெயிண்டனன்ஸ் அனுபவம் எல்லாவற்றையும் மடித்து வைத்துவிட்டு, புக்கிட் மெர்தாஜாமில் சாலையோரம் இருந்த ஒரு பட்டறையில் காரை விட்டார். சீனக் கிழவர் ஒருவர் பானெட்டுக்குள் குனிந்தார். கையை உள்ளே விட்டார், எடுத்தார். ஜன்னலுக்கு ஒரு புது ஃபியூஸ் போட்டார். "சியாப், அங்கிள்" என்றார். முடிந்ததாம். என்ன கோளாறு என்று கேட்கப் பழனியப்பனுக்கு வெட்கமாக இருந்தது.

காரைக் கிளப்பியதும் குளிர் முகத்தில் வந்து அடித்தது. அவர் வெகுநேரம் அந்தக் குளிரில் தனியாக உட்கார்ந்திருந்தார். முதல் நாளே இங்கே வந்திருக்கலாமே என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டார்.

அவளை வீட்டுக்குக் கூட்டிப்போகும் நாளில் காரை வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தி, கல்யாணப் பெண்ணுக்குத் திறப்பதுபோல் கதவைத் திறந்தார்.

"என்னங்க இது?" என்றாள் ஜெயலெட்சுமி. ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயும் நின்றது. "குளிருது?"

"பின்ன! யாருன்னு நெனச்ச? செஞ்சு முடிச்சுட்டேன்ல!"

அவள் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "கெட்டிக்காரருதான்" என்று சொல்லி உள்ளே உட்கார்ந்தாள்.

எல்லாக் கண்ணாடியும் ஏறியிருந்தது. லாரிகள் பக்கத்திலேயே போனாலும் சத்தம் கேட்கவில்லை. ரேடியோவில் செய்தி தெளிவாக ஓடியது. பழனியப்பனுக்கு இத்தனை வாரத்தில் அன்றைக்குத்தான் மனசு நிம்மதியாக இருந்தது. இனி அவள் சூட்டை மறப்பதற்காக எதையும் இட்டுக்கட்ட வேண்டியதில்லை. சாலையைப் பார்த்து ஓட்டினார்.

பாலத்தின் பாதியில் ஜெயலெட்சுமி கேட்டாள். "அந்தக் கேன்டீன் பொண்ணு என்னங்க சொல்லுச்சு?"

"எது? ஓ, அதுவா. அப்புறம் சொல்றேன் லெச்சுமி. செய்தி ஓடுது பாரு. நீ சுகமா சாஞ்சு தூங்கு."

அவள் தலையாட்டினாள். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கண்ணாடியில் தலையைச் சாய்த்துக் கடலைப் பார்த்தாள்.

"நல்லாருக்கா?" என்று கேட்டார் பழனியப்பன்.

"நல்லாருக்குங்க."

அடுத்த தடவை மருந்து ஏற்றப் போக வேண்டிய நாள் வருவதற்கு முன்பே, ஒரு விடியற்காலையில், ஜெயலெட்சுமி தூக்கத்திலேயே போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்து வந்தவர்கள் கலைந்துவிட்டார்கள். மேலே அதிரா பாத்திரங்களைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தாள். பழனியப்பன் கீழே இறங்கி வந்து, காருக்குள் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்து இருக்கையில் சாயக்கறை லேசாகத் தெரிந்தது. வேனைக் கழுவிக்கொண்டிருந்த ஹபீபா பீவி, வாளியைக் கீழே வைத்துவிட்டு அருகில் வந்து நின்றாள்.

"சாப்பிட்டீங்களாண்ணே?"

பழனியப்பன் பக்கத்து இருக்கையின் கறையை விரலால் தேய்த்துக்கொண்டே பேசினார். "கடைக்காரரு கைய விட்டு எடுத்தாரு பீவி. அவ்வளவுதான் வேலை. அதுக்கு நான் எத்தனை வாரம் அவளை வெயில்ல போட்டு வேக வச்சேன். பெரிய மெயிண்டனன்ஸ் மயிரு மாதிரி."

"அப்படிச் சொல்லாதீங்கண்ணே."

"வேற எப்படிச் சொல்றது? அன்னைக்குப் பாலத்துல மயங்கியே விழுந்துட்டா. ஒரு வார்த்தை கொறை சொல்லலியே. எங்கூட வாழ்ந்ததுக்கு நான் அவளுக்குக் குடுத்தது அந்த ஒரு நாள்தான் பீவி. குளிரக் குளிரக் கூட்டிக்கிட்டு வந்தேனே, அந்த ஒரு நாள். அதை நெனச்சுத்தான் மனசத் தேத்திக்கிறேன்."

அவர் ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். பீவி அங்கும் இங்கும் பார்த்தாள். யாரிடமும் சொல்வதில்லை என்று அவள் ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள். ஆனால் ஒரு மனிதர் இப்படித் தன்னையே அடித்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவளால் முடியவில்லை.

"அழாதீங்கண்ணே, மொத வாரமே நான் பானெட்ட தொறந்து பாத்துட்டேன், ஒரு வயருதான் கழண்டு கெடந்துச்சு, மாட்டப் போனேன், அக்காதான் என் கையப் புடிச்சுக்கிட்டு, 'வேணாம் பீவி, ஏர்கோனு கெட்டதுல இருந்துதான் இந்த மனுசன் எங்கூடப் பேசிக்கிட்டு வர்றாரு'ன்னு சொன்னாங்க."